சூட்டுப் பண்டம்

மே 6, திங்கள்

கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பக்கெட்டில் கடைசித் துணியைப் பிழிவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

நேற்று பார்த்ததை இங்கே மட்டும் எழுதலாம். இரண்டு கோடு. கல்யாணமாகி நாலாவது வருஷம். என் வீட்டுக்காரர் பாத்ரூம் வாசலிலேயே நின்றிருந்தார். கையிலிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தார், சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், நேராக அவர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு நிமிஷம்கூட அது தனியாக இல்லை.

அத்தை முதலில் முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தார். அடுத்தது சமையலறைச் சோதனை. எள் டப்பா வெளியே. கருப்பட்டி வெளியே. பக்கத்து வீட்டில் கொடுத்த பப்பாளியை மாட்டுக்குப் போட்டாயிற்று. கொள்ளு டப்பாவை மட்டும் தூக்கிப் போட மனசு வராமல் பரணில் ஏற்றினார். இந்த வீட்டில் வாரம் தவறினாலும் கொள்ளுப் பருப்பு தவறியதில்லை. எல்லாம் சூட்டுப் பண்டமாம். சூடு பட்டால் கரு தங்காதாம், தங்கினாலும் ஊனமாகுமாம்.

அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூணு மாசம் முடியற வரைக்கும் ஒருத்தர் காதுலயும் போட்றாத கண்ணு. கண்ணு பட்டுரும். உங்கம்மாகிட்டயும் வேண்டாம்."

என் அம்மாவுக்குச் சொல்லக் கூடாது, அவர் அம்மாவுக்குச் சொல்லலாம். நல்ல நியாயம். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளுக்குள் அந்தக் கருப்பட்டியை எடுத்து யார் மண்டையிலாவது போட்டால் தேவலை என்றிருந்தது.

ஆனாலும் சந்தோஷம். அதையும் எழுதிவிட வேண்டும். ரொம்ப சந்தோஷம்.

மே 8, புதன்

கம்பெனியில் அயர்ன் மேசை பாதி காலி. இஸ்திரி போடும் வடநாட்டுப் பையன்கள் கல்யாணம் காட்சி என்று ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். ஷிப்மெண்ட் நிற்கிறது. சூப்பர்வைசர் எங்கள் செக்கிங் பக்கம் வந்து ஆளை எண்ணாமல் உயரத்தைப் பார்த்தார். "கவிதா, நீங்க உயரமா இருக்கறீங்க. டேபிள் உங்களுக்குச் சரியா வரும். பசங்க வர்ற வரைக்கும் அங்க நில்லுங்க."

ஏன் முடியாது என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்லக் கூடாது. போய் நின்றேன்.

தகரக் கூரை. பின்னால் பாய்லர். மேசையிலிருந்து ஆவி முகத்துக்கே வருகிறது. ஆர்டர் முழுக்க வெள்ளை பனியன், அதனால் ஃபேன் போடக் கூடாது. காற்றில் நூல் பஞ்சு பறந்து பீஸில் ஒட்டினால் ரிஜெக்ட். நாங்கள் வெந்தால் ரிஜெக்ட் இல்லை. சூப்பர்வைசரின் (இனி சூ.வை.) கண்ணாடி அறையில் ஏ.சி. ஓடுகிறது, கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்த்துத் தண்ணீர் வழிகிறது. அதில் கன்னத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

பக்கத்து மேசையில் லட்சுமி. தேனிப் பக்கம். என்னோடு செக்கிங்கில் இருந்தவள்தான், அவளும் உயரம். நாள் முழுக்கக் கெட்ட வார்த்தை. கேட்கக் கேட்க ஆறுதலாக இருந்தது.

மே 12, ஞாயிறு

டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரை எழுதினார். என்ன வேலை என்று கேட்டார், பனியன் கம்பெனி என்றேன், கனம் தூக்காதீங்க என்றார். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

மதியம் சண்டை. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கொள்ளுப் பருப்பு கொடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது, எப்படித் தெரியும். மூன்று நாளாக எது தின்றாலும் வாந்தி, அந்த வாசத்துக்கு மட்டும் வாய் ஊறியது. சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அத்தை எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. தட்டைத் தட்டிவிட்டார். தட்டு சுவரில் அடித்துச் சுழன்று, டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முழங்காலில் பட்டது. சோறு காலண்டர் முருகன் மேல்.

நானும் விடவில்லை. கிண்ணத்தைத் தூக்கி வாசலில் எறிந்தேன். பக்கத்து வீட்டுக் கிண்ணம், நெளிந்துவிட்டது. சூடு ஆகாதென்றால் நாள் முழுக்க ஆவி மேசையில் நிற்கிறேனே, அது என்ன ஐஸ் பெட்டியா என்று கேட்டேன்.

அத்தை நிதானமாகச் சொன்னார், பாவம், நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்: "அது வெளிச் சூடு கண்ணு. வேர்த்தா எறங்கீரும். உள்சூடுதான் ஆகாது."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். வேலையை விடட்டுமா என்றேன். ரிமோட்டை எடுத்தார். டிவி சத்தம் கூடியது.

மே 16, வியாழன்

வெயில் நேற்றைவிட மோசம். சாலையில் தார் செருப்போடு ஒட்டுகிறது. மங்கலம் ரோட்டில் ஓர் ஆள் சுருண்டு விழுந்து கிடந்தார், பஸ் நிற்கவில்லை.

இன்று ஃபேனைப் போட்டேன். யாரும் போடவில்லை, நான்தான் போனேன், போட்டேன். அரை நிமிஷம் சொர்க்கம். மடித்து வைத்த பீஸ் எல்லாம் பறந்தது. சூ.வை. அறையிலிருந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் ரெகுலேட்டர் திருகைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பறந்ததில் பாதி லட்சுமியின் பீஸ். அவள் என்னைப் பிடித்துத் தள்ளினாள். நான் அவள் கொண்டையைப் பிடித்தேன். அறைந்தாள், அறைந்தேன். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. சுற்றி நின்றவர்கள் விலக்கவில்லை, வேடிக்கைதான். வெயிலில் எல்லாருக்கும் யாரையாவது அடிக்க வேண்டியிருக்கிறது, யாரோ அடித்தால் அவர்களுக்கும் கொஞ்சம் இறங்குகிறது.

அவள் முழங்கை வயிற்றுப் பக்கம் வந்தது. முடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை.

லட்சுமி நின்றுவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே கிட்டே வந்து காதோடு கேட்டாள்: "முழுகாம இருக்கியாடி?"

இல்லை என்றேன். வயிற்று வலி என்றேன். என் வாயே சொன்னது. அவள் நம்பவில்லை. ஆனால் இல்லை என்கிறவளை என்ன செய்ய முடியும். தன் மேசையைக் கொஞ்சம் நகர்த்தி, பாய்லர் பக்கம் அவள் போய் நின்றுகொண்டாள்.

வீட்டில் உதடு என்னவென்று கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

மே 22, புதன்

இடது முன்கையில் சூடு. வாழை இலைத் துண்டளவுக்குத் தோல் போய்விட்டது. எழுதும்போது நோட்டில் பட்டு எரிகிறது.

நடந்தது: மேசையில் நின்றதிலிருந்தே உடம்பு கொதித்தது. தண்ணீர் குடிக்கக் குடிக்க வாந்தி. மத்தியானம் கண்ணில் வெள்ளை பனியன் தவிர ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் அதுவும் தெரியவில்லை. விழும்போது கை அயர்ன் பாக்ஸ் மேல். முதலுதவி அறையில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்து, காய்ச்சலா என்றாள். காய்ச்சல் இல்லை, காலையில் இல்லை, அங்கே நின்றால் இப்படித்தான் என்றேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். தலையில் ஈரத்துணி.

சூ.வை. வந்து எட்டிப் பார்த்தார். நான் விழுந்தபோது அடியில் இருந்த பீஸ் தீய்ந்து போனதாம். அதைக் கையில் கொண்டு வந்திருந்தார். என் கையை ஒரு தடவை பார்த்தார், பனியனை இரண்டு தடவை பார்த்தார். அந்த ஆளை அதே மேசையில் படுக்க வைத்து, மேலிருந்து கீழ்வரை, காலர் மடிப்பு கலையாமல் இஸ்திரி போட வேண்டும். இதை எழுதும்போது கை எரிச்சல் குறைகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் பைக்கில் வந்து கூட்டிப் போனார். வீட்டில் மருந்து போட்டுவிட்டார், அதுவும் பொறுமையாக. பேசாமல் நாளைக்கே கம்பெனில சொல்லிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நாள்தானே புள்ள என்றார். அத்தை மோர் கொண்டு வந்தார். குளிர்ச்சியாம்.

ஜூன் 21, வெள்ளி

மேகம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, தூறல்கூட இரண்டு முறை. சட்டென்று எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

மூன்று மாசம் முடிந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று ஒரு பாட்டம் அழுதாள், அப்புறம் பேர் யோசிக்க ஆரம்பித்தாள்.

கம்பெனியில் எல்லாருக்கும் லட்டு. சூ.வை. ஒரு லட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு சொன்னது: "என்னங்க கவிதா, முன்னாடியே சொல்லிருந்தா அன்னிக்கே மாத்தி உட்ருப்பேன்ல."

உண்மையிலேயே மாற்றினார். லட்டைத் தின்று முடிப்பதற்குள் செக்கிங்கில் இடம், உட்கார ஸ்டூல், மேலே ஃபேன். இவ்வளவுதான். இவ்வளவு சுலபம். இதற்குத்தான் கத்திரி முழுக்க அங்கே நின்று வெந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லட்சுமி வந்து லட்டு வாங்கிக்கொண்டு தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். வலிக்கத்தான் குட்டினாள்.

ஆகஸ்ட் 7, புதன்

ஸ்கேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா பேசிக்கொண்டே பார்த்தார், கை பாரு, முதுகு பாரு, சமத்தாத் தூங்குது என்று. நெஞ்சுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கருவியை அழுத்தி அழுத்தி ஒரே இடத்தில் வைத்தார். வலித்தது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

இதயத்தில் ஓட்டை. ஒரு ரத்தக் குழாயும் சரியான இடத்திலிருந்து வரவில்லை போலத் தெரிகிறது. கோவையில் குழந்தை இதய டாக்டரிடம் காட்டி உறுதி பண்ணுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேட்ட கேள்விகள்: சொந்தத்தில் கல்யாணமா, இல்லை. சர்க்கரை, இல்லை. வலிப்பு மாத்திரை ஏதாவது, இல்லை. முதல் இரண்டு மாசத்தில் காய்ச்சல்? அங்கே நிறுத்தினேன். காய்ச்சல் இல்லைங்க, ஆனா உடம்பு கொதிச்சுது என்றேன். மேசை, ஆவி, ஃபேன், விழுந்தது, கை எல்லாம் சொன்னேன். தழும்பைக் காட்டினேன்.

பெரிய டாக்டர் முழுக்கக் கேட்டார். அந்த ஆளை மட்டும் திட்ட மாட்டேன். "அந்தச் சமயத்துலதாம்மா இதயம் உருவாகும். ரொம்ப வெப்பம் பட்டா இந்த மாதிரி ஆகற வாய்ப்பு கூடுதுன்னு சொல்றாங்க. ஆனா உங்க குழந்தைக்கு அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. எதுவுமே இல்லாமலும் வருது."

அதனாலதான் என்று சொல்லியிருந்தால் ஒரு கொலை செய்துவிட்டு நிம்மதியாக ஜெயிலுக்குப் போயிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தாலும் ஒரு வழி. இப்போது இரண்டும் இல்லாமல் இதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

வீட்டு வாசலில் அத்தை. என்னோடு வந்த வீட்டுக்காரர் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னார். அத்தை கேட்ட முதல் கேள்வி: "எங்கியாவது யாரூட்லயாவது கொள்ளு தின்னியா கண்ணு? மறைக்காமச் சொல்லு."

சொம்பு கையில் இருந்தது. எறிந்தேன். குறி வைத்துத்தான் எறிந்தேன், தவறிவிட்டது. கதவு நிலையில் பட்டு வாய் கோணி உருண்டது. அத்தை அசையவில்லை. என்னை அப்படிப் பார்த்தார், நான் எறிந்தது தப்பில்லை என்கிற மாதிரி. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடிக் காற்று. புழுதி. கண் முழுக்க மண்.

பக்கத்து வீட்டு மருமகள், வைகாசியில் கல்யாணமானவள், ஆடிக்குத் தாய் வீடு போனவள் இன்னும் திரும்பவில்லை. இப்போது சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்குமாம், வெயில் தாங்காதாம். வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறக்கிற பிள்ளைக்கு வெயில் ஆகாது என்று ஊருக்கே தெரிகிறது. உருவாகிற பிள்ளைக்கு? அதைக் கேட்க ஒரு நாயும் இல்லை. போய்க் கேட்டேன், இதே வார்த்தையில். உள்ளே போய்விட்டார்கள்.

கம்பெனிக்குப் போனேன். வேலைக்கு இல்லை. அயர்ன் மேசையில் பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் கடைசி மேசையில் ஒரு பெண் நிற்கிறாள், புதுசு, ஒல்லி, வடநாட்டுப் பெண். அவளிடம் வயிற்றைக் காட்டி, இருக்கா என்று சைகையில் கேட்டேன். பயந்து தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, இப்போதும் தெரியவில்லை. நானும் அப்படித்தானே ஆட்டினேன்.

அவள் கையிலிருந்த பாக்ஸை வாங்கினேன். அதற்கு ஆவி வரும் டியூப் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுத்தேன். அப்புறம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, ஆவி சீறியது, எல்லாரும் ஓடினார்கள். கண்ணாடி அறை மேல் வீசினேன். முதல் அடியில் விரிசல். இரண்டாவதில் மொத்தமும் கொட்டியது. உள்ளே இருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. சூ.வை. மேசைக்கடியில்.

"சொல்லீருக்கலாமேன்னு மறுபடி சொல்லுங்க சார்" என்றேன். "கேட்டீங்களா நீங்க? உயரத்தப் பாத்தீங்க, கேட்டீங்களா?"

செக்யூரிட்டி இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். லட்சுமி குறுக்கே வந்து, வயித்துல கை பட்டா வெட்டிருவேன் என்றாள், விட்டுவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார்கள். உள்ளங்கையில் கண்ணாடி. அந்த ஒல்லிப் பெண்ணுக்கு ஃபேன் போட்டார்களா என்று பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையிலேயே கோவை. மூன்று பேரும். வெயில் இல்லை, மூட்டம்.

டாக்டர் சின்ன வயசு. படம் வரைந்து காட்டினார். பிறந்த பிறகு ஆபரேஷன், பெரும்பாலும் இன்னொன்றும் வேண்டியிருக்கும். பொழைக்குமாங்க என்று கேட்டேன். "நிறையக் குழந்தைங்க பொழச்சு ஸ்கூலுக்குப் போறாங்க. எல்லாரும்னு சொல்ல மாட்டேன்." பிரசவம் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுப்பதானால் அதற்கும் சட்டப்படி இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. உங்க முடிவுதாம்மா என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், ஆனால் வீட்டுக்காரரும் அத்தையும்தான் தலையாட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தைக்கு முன்னால் சீட் கிடைத்தது. நாங்கள் பின்னால். அவிநாசி தாண்டும் வரை அவர் என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன்தான். குரலே எழும்பாமல், செல்லமாகத்தான் சொன்னார்.

"இது வேண்டாம் புள்ள. அறுத்து அறுத்துத் தெச்சு, அது என்ன பாவம் பண்ணுச்சு. இன்னொண்ணு பெத்துக்கலாம். ஐப்பசில வெச்சுக்கலாம். அப்ப வெயில் இருக்காதுல்ல."

டாக்டர் சொன்னதெல்லாம் நன்றாகத்தான் புரிந்திருக்கிறது. வெயில், மாசம், உருவாகிற காலம், எல்லாம் கணக்காகப் புரிந்திருக்கிறது. அடுத்த பிள்ளைக்காக. இதற்கு முன்னால் ஒருநாள், ஒரே ஒருநாள், அங்கே நிற்காதே என்று இந்த வாய் சொல்லவில்லை.

அடித்தேன். கட்டுப் போட்ட கையாலேயே, முகத்தில், மூக்கில், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க. கட்டில் என் ரத்தமா அவர் ரத்தமா தெரியவில்லை. அவர் கையைத் தடுக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். அத்தை எழுந்து வந்து நடுவில் நின்று, உடு கண்ணு, உடு என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார்.

இறங்கிவிட்டேன். என்ன ஊர் என்று பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. ஸ்டாப்பில் யாரும் இல்லை, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மாவுக்குப் போன் போட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறாள்.

இப்போது. தொப்புளுக்குக் கீழே, வலது பக்கம். வாயு என்று நினைத்தேன். மறுபடியும். வாயு இல்லை.

உதைக்கிறது.

உதை கண்ணு. நல்லா உதை.